மேடையில் ஒலிக்காதது தட்டில் எதற்கு?

ராக் இசையின் கச்சேரிப் பதிவுகளில் தலைசிறந்தவை எவை என்று பட்டியல் போடுகிறவர்கள் அரை நூற்றாண்டாக விடாமல் சேர்த்துவரும் இசைத்தட்டு ஒன்று உண்டு. ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் என்ற அமெரிக்கக் குழு 1971 மார்ச் மாதம் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்தது அது. அரங்கின் பெயரிலேயே ‘அட் ஃபில்மோர் ஈஸ்ட்’ என்று அதே ஆண்டு ஜூலையில் இரட்டைத் தட்டாக வெளிவந்தது. மொத்தம் ஏழே பாட்டு. ஓடும் நேரமோ ஒன்றேகால் மணிக்கு மேல். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், நாடு காப்பாற்றி வைக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பதிவேட்டில் 2004இல் இதைச் சேர்த்தது. இத்தனை புகழுக்கும் டுவேன் ஆல்மனின் கிட்டார்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். பொய்யில்லை. ஆனால் அதே டுவேன், அதே குழுவோடு ஸ்டுடியோவில் பதிவுசெய்து 1969இலும் 1970இலும் வெளியிட்ட இரண்டு ஆல்பங்கள் பெரிதாக விற்கவில்லை. ஆள் மாறவில்லை, கருவி மாறவில்லை. மாறியது பதிவுசெய்த விதம். அந்த விதத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது: மேடையில் ஒலிக்காத எதையும் பிறகு கொண்டுவந்து சேர்ப்பதில்லை. இன்று ‘லைவ்’ என்று விற்கப்படும் பதிவுகளில் அந்தக் கட்டுப்பாட்டை எதிர்பார்க்க முடிவதில்லை. அது திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால், என்ன சேர்த்தோம் என்பதையாவது அட்டையில் அச்சிட வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் அந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரைத் தங்கள் ஊராக்கிக்கொண்ட ஆறு பேர். டுவேனும் டிக்கி பெட்ஸும் கிட்டார். டுவேனின் தம்பி கிரெக் ஆல்மன் பாட்டும் ஆர்கனும். பெரி ஓக்லி பேஸ். டிரம்ஸுக்கு புட்ச் டிரக்ஸ், ஜெய்மோ என்று இரண்டு பேர். இரண்டு கிட்டாரும் இரண்டு டிரம்ஸும் ஒரே மேடையில் இருந்தால் அது ஒன்று சந்தைக்கடையாகும், இல்லையென்றால் எல்லோரும் எல்லோரையும் கவனித்து வாசிக்கும் கூட்டாகும். நடுவழி கிடையாது. டுவேன் தன் ஓய்வு நேரத்தில் விரும்பிக் கேட்டது ராக் அல்ல. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ என்ற ஜாஸ் ஆல்பம். ஒரு சிறு சட்டகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் அதற்குள் கற்பனை செய்துபோகும் முறையை அவர் அங்கிருந்து எடுத்துக்கொண்டார். அதனால்தான் ‘விப்பிங் போஸ்ட்’ என்ற பாட்டு முதல் ஆல்பத்தில் ஐந்து நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடுகிறது; ஃபில்மோரில் 23 நிமிடம் போகிறது. சொற்கள் கூடவில்லை, மெட்டும் கூடவில்லை. ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம்தான் அந்தப் பதினெட்டு நிமிடம்.

கேட்டுப் பதில் சொல்வது ப்ளூஸ் இசைக்கு ராக் குழுக்கள் கற்றுக்கொடுத்ததல்ல, ப்ளூஸின் பிறவிக்குணம். பன்னிரண்டு ‘பார்’ கொண்ட வழக்கமான சுற்றில் குரல் ஒரு வரியைப் பாடி நிறுத்தும். அந்த இடைவெளியில் கிட்டார் மறுமொழி சொல்லும். தனியாளாகப் பாடியவர்கள் தங்கள் குரலுக்குத் தாங்களே கிட்டாரில் பதில் சொல்லிக்கொண்டார்கள். ஃபில்மோர் தட்டின் முதல் பாட்டான ‘ஸ்டேட்ஸ்பரோ ப்ளூஸ்’, கண்பார்வையற்ற கருப்பினக் கலைஞர் பிளைண்ட் வில்லி மெக்டெல் 1928இல் பன்னிரண்டு தந்திக் கிட்டாரோடு பதிவுசெய்தது. ‘ஸ்டார்மி மண்டே’ டி-போன் வாக்கர் 1940களில் கொடுத்தது. ‘டன் சம்படி ராங்’ எல்மோர் ஜேம்ஸ் வழியாக வந்தது. மெக்டெல் 1959இல் இறந்தபோது ஊர் கவனிக்கவில்லை. அவருடைய பாட்டு பெரும்பாலும் வெள்ளையரைக் கொண்ட ஒரு குழுவின் கையில் பொன்னானது. அமெரிக்க இசைச் சந்தையின் பழைய அநீதி இது. ஆல்மன் குழுவின் திறமையைச் சொல்லி அதை அழிக்க முடியாது. எனினும் அவர்கள் மெக்டெலிடமிருந்து வாங்கியது மெட்டை மட்டுமல்ல. மாத்திரைப் புட்டி ஒன்றை விரலில் மாட்டித் தந்திமேல் வழுக்கவிட்டு டுவேன் எழுப்பும் ஒலி, தம்பி பாடி நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் வந்து நிற்கிறது. குரலுக்கும் தந்திக்கும் இடையிலான பழைய ஏற்பாட்டை அவர்கள் ஆறு பேருக்கு விரித்தார்கள்.

இனி பதிவுசெய்த விதம். தயாரிப்பாளர் டாம் டௌட். இளம் வயதில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அணுகுண்டுத் திட்டத்தின் இயற்பியல் வேலையில் இருந்தவர். பிறகு அட்லாண்டிக் நிறுவனத்தில் ரே சார்ல்ஸ், ஜான் கோல்ட்ரேன், அரீதா ஃபிராங்க்ளின் ஆகியோரின் பதிவுகளில் காதைத் தீட்டிக்கொண்டவர். ஃபில்மோரில் ஓர் இரவுக்கு இரண்டு காட்சி. தட்டில் நாம் கேட்பது மார்ச் 12, 13 இரவுகளில் நடந்த நான்கு காட்சிகளிலிருந்து எடுத்தது. பதிவு தொடங்கியபோது மேடையில் சாக்ஸபோன் முதலான ஊதுகருவிகளோடு சில நண்பர்களும் ஏறி நின்றார்கள். டௌட் அதிர்ந்துபோனார். இடைவேளையில் டுவேனைப் பிடித்து, ஊதுகருவிகள் போயாக வேண்டும் என்று அடம்பிடித்து அனுப்பிவைத்தார். அவை வந்த பாட்டுகளைக் காப்பாற்றவும் வழியில்லை. ஊதுகருவிகளின் ஓசை மற்றவர்களின் மைக்குகளிலெல்லாம் புகுந்திருந்தது. காட்சி முடிந்ததும் குழுவினர் தின்பதற்கும் குடிப்பதற்கும் எதையாவது வாங்கிக்கொண்டு நேரே அட்லாண்டிக் ஸ்டுடியோவுக்குப் போய் அன்றைய நாடாவைக் கேட்பார்கள். இது தேறியது, இதை நாளை மறுபடி வாசிக்க வேண்டியதில்லை. இது தேறவில்லை, நாளைக்கு இன்னொரு முறை என்று முடிவாகும். பிழை கண்ட இடத்தில் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பூசி மெழுகவில்லை. மறுநாள் மேடையில், ஆட்களுக்கு முன்னால், பாட்டு முழுவதையும் திரும்ப வாசித்தார்கள். திருத்தத்தை மேடைக்கு அனுப்பியதுதான் டௌட்டின் சாமர்த்தியம்.

மற்ற வழி என்ன என்று பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடத்தில் பிடிக்கும் வசதி வந்த பிறகு, கச்சேரியில் சுருதி பிசகிய குரலை அழித்துவிட்டு ஸ்டுடியோவில் புதிதாகப் பாடிச் சேர்த்துவிடலாம். இதற்கு ஓவர்டப் என்று பெயர். ரோலிங் ஸ்டோன்ஸின் 1966ஆம் ஆண்டுக் கச்சேரி ஆல்பத்தில் இரண்டு பாட்டுகள் முழுக்க ஸ்டுடியோவில் பதிவானவை. மேலே ரசிகர் கூச்சலைத் தூவியிருந்தார்கள். அவர்களே 1969 இறுதியில் வாசித்து 1970இல் வெளியிட்ட ‘கெட் யர் யா-யாஸ் அவுட்’ அருமையான தட்டு. அதிலும் சில குரல்களும் கிட்டாரும் பிறகு சேர்ந்தவை. தின் லிஸி குழுவின் ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ 1978இல் வந்தது. அதில் முக்கால்வாசி ஸ்டுடியோவில் செய்தது என்று தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி சொல்ல, குழுவின் தரப்பு மறுக்க, வழக்கு இன்றுவரை தீரவில்லை. தீராமல் இருப்பதே கவனிக்கத்தக்கது. கேட்கிறவரின் காதுக்குத் தையல் தெரியாத அளவுக்கு வேலை நேர்த்தி.

தையல் தெரியாவிட்டால் என்ன குடிமுழுகிப்போகிறது என்று கேட்கலாம். இந்த எதிர்வாதம் வலுவானது. ஸ்டுடியோ ஆல்பம் என்பதே துண்டுதுண்டாகச் சேர்த்ததுதான்; அதை யாரும் மோசடி என்பதில்லை. பாட்டு நன்றாக இருக்கிறதா, அவ்வளவுதானே? பாட்டை மட்டும் கேட்பவருக்கு அவ்வளவுதான். ஆனால் கச்சேரிப் பதிவில் பாட்டு மட்டும் பதிவாவதில்லை. ‘இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்’ என்ற 13 நிமிட வாத்தியப் படைப்பைக் கேளுங்கள். டிக்கி பெட்ஸ் கிட்டாரின் ஒலியளவை மெல்லத் திருகி, தந்தியைத் தட்டும் ஓசையே தெரியாமல் வயலின்போல் தொடங்குகிறார். பிறகு இரண்டு கிட்டாரும் இணைந்து மெட்டைச் சொல்லி, ஆளுக்கு ஒரு சுற்றாகத் தனி வாசிப்புக்குப் பிரிகின்றன. டுவேனின் முறை வரும்போது அவர் அவசரப்படுவதில்லை. கீழிருந்து சிறு சொற்களாகத் தொடங்குகிறார். அவர் சொல்லை நீட்டினால் பேஸ் நகர்கிறது. அவர் ஏறினால் டிரம்ஸ்காரர்களில் ஒருவர் தாளத்தைப் பிடித்துக்கொள்ள மற்றவர் அதைக் கிள்ளிவிடுகிறார். உச்சியில் ஆறு பேரும் ஒன்றாக நின்று, ஒன்றாக இறங்குகிறார்கள். இங்கே ஒவ்வொரு ஓசைக்கும் காரணம் அதற்கு அரை நொடி முன்னால் இன்னொருவர் எழுப்பிய ஓசை. ஸ்டுடியோவில் பிறகு வாசித்துச் சேர்த்த கிட்டாருக்கு இப்படி யாரும் பதில் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் அது அவர்கள் காதில் விழவே இல்லை. பேசி முடித்து எழுந்துபோனவர்களின் உரையாடலுக்குள் மறுநாள் ஒருவர் வந்து நல்ல வசனம் ஒன்றைச் செருகுவது போன்றது அது. வசனம் மேலானதாகவே இருக்கலாம், உரையாடல் செத்துவிடுகிறது.

இங்கே என்னை மடக்க ஒரு சான்று இருக்கிறது. ஃபில்மோர் தட்டும் கத்தரி படாததல்ல. ‘ஸ்டார்மி மண்டே’யில் விருந்தினராக வந்த தாம் டூசெட் வாசித்த ஹார்மோனிகாப் பகுதியை டௌட் வெட்டி எடுத்துவிட்டார், 1992இல் வந்த மறுபதிப்பில்தான் அது திரும்பியது. 19 நிமிடம் ஓடும் ‘யூ டோன்ட் லவ் மீ’ இரண்டு வெவ்வேறு வாசிப்புகளை ஒன்றாக இணைத்தது. அப்படியானால் நாம் கேட்கும் அந்த 19 நிமிடம் எந்த இரவிலும் நடக்கவில்லை. வெட்டுவதும் இணைப்பதும் சரி, சேர்ப்பது மட்டும் தவறு என்பது வசதிக்கு ஏற்ற நியாயம் இல்லையா? நான் அப்படி நினைக்கவில்லை. நாடாவை வெட்டி இணைக்கும்போது காலம் மாறுகிறது. வாசித்தவர்களின் உறவு மாறுவதில்லை. இணைப்புக்கு முன்னால் ஒலிப்பதும் ஆறு பேர் ஒருவரையொருவர் கேட்டு வாசித்தது, பின்னால் ஒலிப்பதும் அப்படியே. இணைப்பு விழும் அந்தக் கணம் ஒன்றுதான் கற்பிதம். ஓவர்டப்போ பாட்டு ஓடும் நேரமெல்லாம் நீடிக்கும் கற்பிதம். அதே ‘யூ டோன்ட் லவ் மீ’யின் நடுவில் மற்றவர்களெல்லாம் ஓய்ந்துவிட, டுவேன் மட்டும் தனித்து வாசிக்கிறார். அரங்கு அப்படி அமைதியாகிறது. விடிய விடிய வாசிக்கச் சொல்லி யாரோ ஒருவர் கத்துவது தெளிவாகக் கேட்கிறது. நல்ல தயாரிப்பாளர் ஒருவர் சுலபமாக அழித்திருக்கக்கூடிய கூச்சல் அது. டௌட் விட்டுவைத்தார்.

வெட்டைக்கூட அவர் மறைக்கவில்லை என்பதற்குத் தட்டின் கடைசிப் பக்கமே சாட்சி. ‘விப்பிங் போஸ்ட்’ 23 நிமிடம் போய்க் கடைசிச் சுரம் தேய்ந்த பிறகும் பாட்டு முடிவதில்லை. புட்ச் டிரக்ஸின் டிம்பனி முழக்கத்தோடு அடுத்த பாட்டு கிளம்பிவிடுகிறது, அதற்குள் ஒலி மங்கி நின்றுவிடுகிறது. கிளம்பிய அந்தப் பாட்டு 33 நிமிட ‘மவுன்டன் ஜாம்’. மறு ஆண்டு ‘ஈட் எ பீச்’ ஆல்பத்தில் இரண்டு பக்கங்களுக்குப் பிரித்து வெளியிட்டார்கள். கைதட்டலை இழுத்துப் போர்த்திச் சுபமாக முடித்திருக்கலாம். தட்டில் இடம் தீர்ந்தது, கச்சேரி தீரவில்லை என்று காட்டிவிட்டுப் போனார்கள்.

சேர்க்காமல் விட்டது கொள்கையால் அல்ல, முடியாமையால்தான் என்று தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும். எல்லா மைக்கிலும் எல்லா ஓசையும் கசிந்திருக்கும்போது ஒரு கிட்டாரை மட்டும் அழித்து எழுதினால், டிரம்ஸ் மைக்கில் பழைய கிட்டார் பேயாகக் கேட்கும் என்பார்கள். பாதி உண்மை. ஊதுகருவிகளை அதனால்தான் நாடாவில் அழிக்க முடியவில்லை. ஆனால் ஸ்டோன்ஸ் குழு அதே காலத்துக் கருவிகளை வைத்துக்கொண்டுதான் குரலை மாற்றியது. தின் லிஸி ஏழே ஆண்டுகளில் எவ்வளவு தூரம் போனது என்பதையும் பார்த்தோம். கசிவு தடைதான், சுவரல்ல. டௌட்டுக்கு ஓவர்டப் தெரியாது என்று சொல்வதும் எடுபடாது. 1970இல் ‘லைலா’ ஆல்பத்தில் எரிக் கிளாப்டனின் கிட்டாரையும் டுவேனின் கிட்டாரையும் அடுக்கடுக்காகச் சேர்த்தவர் அவர்தான். அது ஸ்டுடியோப் படைப்பு. அதன் தர்மம் வேறு. இரண்டும் தெரிந்த ஒருவர் இடத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தார்.

பதிவு நேர்மையானது என்பதால் பாட்டு சலிப்பூட்டக் கூடாது என்று விதி இல்லை. அட்லாண்டிக்கின் ஜெர்ரி வெக்ஸ்லர், இத்தனை நீள வாசிப்புகளைத் தட்டில் ஏற்றுவது அபத்தம் என்றே முதலில் நினைத்தார். குழுவின் மேலாளரும் கேப்ரிகார்ன் நிறுவனத்தின் தலைவருமான ஃபில் வால்டன்தான், இவர்களுக்கு மேடையே மூச்சு, ஸ்டுடியோ அல்ல என்று வாதாடி வென்றார். வெக்ஸ்லர் சொன்னதில் சாரமே இல்லை என்று சொல்லமாட்டேன். ‘மவுன்டன் ஜாம்’ என் காதுக்குப் பத்து நிமிடம் அதிகம். ‘யூ டோன்ட் லவ் மீ’யிலும் குழு எங்கே போவது என்று தெரியாமல் நின்ற இடத்தில் சுற்றும் கணங்கள் உண்டு. ஆனால் அந்தத் தேடல் கேட்பதால்தான் அடுத்து வழி கிடைக்கும் இடம் நிஜமாகிறது. ‘விப்பிங் போஸ்ட்’டின் நடுவில் தாளமே கரைந்து, ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலைக்குப் பாட்டு வந்துவிடும். அங்கிருந்து மறுபடி 11 எண்ணிக்கைத் தாளக்கட்டுக்கு அவர்கள் திரும்புவது முன்பே எழுதிவைத்த ஒத்திகைபோல் ஒலிக்காததற்குக் காரணம், தொலைந்துபோகும் சாத்தியம் கண்முன் இருந்ததுதான். பூசி மெழுகிய பதிவில் யாரும் தொலைவதே இல்லை.

டுவேன் 1971 அக்டோபர் 29 அன்று மேக்கனில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார், வயது 24. அவர் இருந்த குழுவின் ஆயுள் இரண்டரை ஆண்டுதான். அந்தக் காலத்தில் அவர்கள் மேடையில் எப்படி இருந்தார்கள் என்று அறிய நமக்குள்ள முதன்மைச் சாட்சியம் இந்த நாடாக்கள். 2014இல் மார்ச் மாதத்து நான்கு காட்சிகளையும், அரங்கு மூடப்பட்ட ஜூன் 27 கச்சேரியையும் ஆறு குறுந்தட்டுகளில் முழுமையாக வெளியிட்டார்கள். எது எந்த இரவு, எந்தக் காட்சி என்ற விவரத்தோடு. சாக்ஸபோன் வந்த பகுதியும் அதில் இருக்கிறது. டௌட் ஏன் அடம்பிடித்தார் என்பதை இனி எவரும் கேட்டுச் சரிபார்க்கலாம். 1971இன் தட்டு இந்தச் சோதனையில் சிறுமைப்படவில்லை. மூலத்தை அருகில் வைத்துப் பார்த்த பின்னும் தாங்கி நிற்கிற தொகுப்பு அது. பிறகு பாடிச் சேர்த்த எத்தனை கச்சேரி ஆல்பங்களின் மூல நாடாவை அப்படித் துணிந்து வெளியிட முடியும்?

இன்றைய நிலைமை டௌட்டின் காலத்தைவிடச் சுலபமானது என்பதால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது. அவருக்குக் கிடைத்தது நான்கு காட்சி. இன்று சுற்றுப்பயணம் போகும் பெரிய குழு ஒவ்வொரு இரவையும் ஒலிக்கட்டுப்பாட்டு மேசையிலிருந்தே கணினியில் தடம் தடமாக இறக்கிக்கொள்கிறது. முப்பது நாற்பது இரவுகளில் ஓர் இரவாவது பாட்டு சரியாக அமைந்திருக்கும். அதைத் தேடி எடுக்கும் வேலைதான் மிச்சம். அந்த வேலையைத் தவிர்க்கவே சுருதி திருத்தும் மென்பொருள் வந்து உட்கார்கிறது. சில மேடைகளில் முன்பே பதிவான தடங்கள் பின்னால் ஓட, பாடுகிறவர் பாதி பாடுகிறார். அதுவும் பிறகு ‘லைவ்’ என்று விற்பனைக்கு வருகிறது. தடை செய்யச் சொல்லவில்லை. தங்கள் இசையை எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளும் உரிமை கலைஞர்களுக்கு உண்டு. ஆனால் ‘லைவ்’ என்பது விலை சொல்லும் பெயர். அந்தப் பெயரை நம்பிக் காசு கொடுப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

அட்டையில் உண்மையை எழுதினால் விற்பனை படுக்கும் என்ற பயத்துக்கும் வரலாறு இடம் கொடுக்கவில்லை. தி ஹூ குழு 1970இல் ‘லைவ் அட் லீட்ஸ்’ வெளியிட்டபோது, நாடாவில் இருந்த கரகரப்பு அப்படியே இருக்கட்டும், யாரும் திருத்த வேண்டாம் என்று தட்டின் லேபிளிலேயே அச்சிட்டார்கள். வாங்கியவர்கள் ஓடிப்போகவில்லை, அது அந்தக் குழுவின் மிகவும் போற்றப்படும் தட்டுகளில் ஒன்றாயிற்று. கரகரப்பைச் சொன்னவர்கள், சரியாகப் பதிவாகாத துணைக்குரல்களைப் பிறகு ஸ்டுடியோவில் பாடிச் சேர்த்ததையும் அதே லேபிளில் சொல்லியிருக்கலாம். அதற்கு இன்னும் ஒரு வரி போதும். இன்றைய இசைச் செயலிகளில் பாடியவர், எழுதியவர், தயாரித்தவர் பெயர்களைக் காட்டத் தனிப்பக்கமே இருக்கிறது. எந்த நாள், எந்த ஊர், எந்தக் குரலும் கருவியும் பின்னால் பதிவானவை என்பதை அங்கே போட்டால் போதும். யார் சரிபார்ப்பது என்றால், அந்த அமர்வில் இருந்த ஒலிப்பதிவாளருக்கு எல்லாம் தெரியும்; அவருடைய வேலைக் குறிப்பில் ஏற்கெனவே எழுதியும் இருக்கும்.